மஞ்சக்குப்பத்துக்கு வந்த லண்டன் குளிர்

மே மாதம். மத்தியானம் இரண்டு மணி. மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி ஒரு காக்கா குருவி இல்லை. தார் ரோடு நெளிகிறது. அந்த வெயிலில் ஒருவர் தன் பழைய காரின் டாஷ்போர்டு மொத்தத்தையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உள்ளே தலையை விட்டுக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘என்ன சார் ரிப்பேர்?’ என்று நீங்கள் கேட்கிறீர்கள். ‘ஹீட்டர் வேலை செய்யலை!’ என்கிறார்.

சிரிப்பு வருகிறது அல்லவா? கடலூரில் ஜனவரி விடியற்காலையில்கூடப் பெரிதாகக் குளிர்வதில்லை. இந்த ஊரில் ஹீட்டர் கெட்டுப்போனால் என்ன, போகாவிட்டால் என்ன?

ஆனால் அந்த மனிதர் பைத்தியக்காரர் இல்லை. அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது புரிய, நாம் நூறு வருடத்துக்கும் மேல் பின்னால் போகவேண்டும். காரே இல்லாத காலத்துக்கு.

‘டாஷ்போர்டு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கார் பிறப்பதற்கு முன்பே பிறந்த சொல் அது. குதிரை வண்டி ஓடும்போது குதிரையின் குளம்பு கிளப்புகிற சேறும் தண்ணீரும் கல்லும் வண்டிக்காரன் முகத்தில் அடிக்கும். அதைத் தடுக்க, வண்டிக்காரனின் காலுக்கு முன்னால் ஒரு பலகையோ, தோல் போர்த்திய சட்டமோ நிறுத்தினார்கள். சேறு வந்து ‘மோதுகிற’ பலகை. அவ்வளவுதான் அதன் வேலை. நம் ஊர் ஜட்காவில் மழைக்காலத்தில் பயணம் செய்த தாத்தாக்களைக் கேட்டிருந்தால் அதன் அருமையைச் சொல்லியிருப்பார்கள்!

பிறகு குதிரை போய் இன்ஜின் வந்தது. இன்ஜின் சேறு அடிக்காது. ஆனால் பலகை மட்டும் போகவில்லை. ‘சும்மாதானே நிற்கிறது’ என்று அதில் ஒவ்வொன்றாக மாட்ட ஆரம்பித்தார்கள். முதலில் எண்ணெய் சொட்டுவதைக் காட்டும் கண்ணாடிக் குமிழ்கள், பிறகு கடிகாரம், வேகம் காட்டும் கருவி, சுவிட்சுகள். லண்டனில் 1851-ல் கடிகாரக் கடையாகத் தொடங்கிய ‘ஸ்மித்ஸ்’ குடும்பம்தான், பின்னாளில் பிரிட்டிஷ் கார்களின் டாஷ்போர்டுகளில் வட்ட வட்டமாக உட்கார்ந்துகொண்ட மீட்டர்களைச் செய்தது. நினைவில் வையுங்கள், இந்த ஸ்மித்ஸ் ஹீட்டரும் செய்தது.

சரி, ஹீட்டர் எங்கிருந்து வந்தது?

ஆரம்பகால கார்களுக்குக் கூரையே சரியாகக் கிடையாது. குளிர் நாட்டில் கார் ஓட்டியவர்கள் கம்பளிக் கோட்டு, தொப்பி, கையுறை, மடியில் போர்வை, காலடியில் தணல் போட்ட தகரப் பெட்டி என்று ஏதோ துருவப் பயணம் போவது மாதிரி கிளம்பினார்கள். 1893-ல் மார்கரெட் வில்காக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ‘கார் ஹீட்டர்’ ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். ‘கார் ஹீட்டரைக் கண்டுபிடித்தவர்’ என்று பல இடங்களில் அவர் பெயரைப் பார்க்கலாம். கொஞ்சம் நிதானியுங்கள். 1893-ல் அமெரிக்கர்கள் ‘கார்’ என்று சொன்னது பெரும்பாலும் ரயில் பெட்டியை!

மோட்டார் காருக்கு முதலில் வந்த யோசனை, புகைபோக்கிக் குழாயின் சூட்டை உள்ளே திருப்பிவிடுவது. சூடு வந்தது. கூடவே நாற்றமும், குழாயில் ஓட்டை விழுந்தால் ஆளையே தீர்த்துக்கட்டும் கார்பன் மோனாக்சைடும் வந்தன. தனியாகப் பெட்ரோலை எரித்துச் சூடாக்கும் அடுப்பைக்கூடக் காருக்குள் வைத்துப் பார்த்தார்கள்.

கடைசியில் ஒரு எளிய உண்மை உறைத்தது. பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் கால் பங்குக்குமேல் வண்டியை நகர்த்தப் பயன்பட்டாலே அந்தக் காலத்தில் பெரிய விஷயம். மிச்சமெல்லாம் சூடு. ஒரு பகுதி புகையோடு போகிறது. இன்னொரு பகுதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டர் வழியாகக் காற்றில் விடுகிறது. எண்பது, தொண்ணூறு டிகிரியில் கொதிக்கக் கொதிக்க ஓடும் அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு ரப்பர் ஹோஸில் திருப்பி, டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் விட்டு, அதன் மேல் ஒரு சின்ன ஃபேனை ஓட்டினால்? காசில்லாமல் வெந்நீர் ஒத்தடம்! 1938-ல் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை உள்ளிழுத்து, இப்படிச் சூடாக்கி, காருக்குள் பரப்பும் அமைப்பைக் கொண்டுவந்தது. இன்று உங்கள் காரில் இருப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

இங்கே ஒரு வேடிக்கை. காருக்கு ஏ.சி. வந்தது அதற்கு அடுத்த வருடமே. 1939-ல் பேக்கார்டு நிறுவனம் அதைக் காட்சிக்கு வைத்தது. டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டது. நிறுத்தவேண்டும் என்றால், வண்டியை ஓரங்கட்டி, பேனட்டைத் திறந்து, கம்ப்ரசரின் பெல்ட்டைக் கழற்றவேண்டும்!

இப்போது இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே அடிக்கிற குளிருக்கு எல்லா காரிலும் ஹீட்டர் இருந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. 1950-களில் சாதாரண பிரிட்டிஷ் காரில் ஹீட்டருக்குத் தனிக் காசு. 1959-ல் வந்த புகழ்பெற்ற மினியிலும் அப்படித்தான். 1953-ல் வந்த ‘ஸ்டாண்டர்டு எய்ட்’ காரின் சிக்கனம் இன்னும் பிரமாதம். டிக்கிக்கு வெளிப்பக்கம் மூடியே கிடையாது. பின் சீட்டை மடக்கி உள்ளே இருந்துதான் பெட்டியை வைக்கவேண்டும்.

இந்த ‘ஸ்டாண்டர்டு’ என்ற பெயர்தான் நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. சுதந்திரத்துக்கு அடுத்த ஆண்டு, 1948-ல் இரண்டு கம்பெனிகள் மதராஸில் முளைத்தன. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ். இங்கிலாந்தின் ‘ஆஸ்டின் ஏ-40’ காரை இங்கே பூட்டித் தந்தது. 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது. இன்னொன்று, வண்டலூர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் தொழிற்சாலை வைத்த ஸ்டாண்டர்டு மோட்டார். 1961-ல் அங்கிருந்து ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ வந்தது. இங்கிலாந்தில் 1959-ல் ‘டிரையம்ஃப் ஹெரால்டு’ என்று பிறந்த கார். வடிவம் கொடுத்தவர் மிகெலோட்டி என்ற இத்தாலியர். முன்பக்கம் முழுவதும், மட்கார்டு சகிதம், முதலை வாயைத் திறப்பது போல ஒரே மூடியாக முன்னால் சாயும். இன்ஜினில் கை வைக்க இவ்வளவு வசதியான கார் வேறு ஏது என்று பழைய மெக்கானிக்குகள் இன்றும் பெருமூச்சு விடுவார்கள்.

தென்னார்க்காடு ஜில்லாவின் தலைநகரம் கடலூர். கலெக்டர், ஜட்ஜ், வக்கீல்கள், டாக்டர்கள் என்று ‘பிளஷர்’ வைத்துக்கொள்ளத் தெம்புள்ளவர்கள் புழங்கிய பேட்டை மஞ்சக்குப்பம். வண்டலூரில் செய்த கார் அதே ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே தெற்கே வந்தால் திண்டிவனம். அங்கிருந்து கிழக்கே திரும்பி, பாண்டிச்சேரியைத் தாண்டினால் கடலூர். பக்கத்து ஊர் சரக்கு மாதிரிதான்!

அந்தக் காரின் உடம்பு மதராஸ், மூளை இங்கிலாந்து. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டர் உட்கார வேண்டிய இடம், அதற்குத் தண்ணீர் வரவேண்டிய வழி, கண்ணாடிக்குக் காற்று போகவேண்டிய பாதை எல்லாமே குளிர் தேசத்தை நினைத்து வரையப்பட்டவை. ஆனால் இங்கிலாந்துக்காரரே யோசித்துக் காசு கொடுத்த ஒரு சாமானுக்கு மதராஸ்காரர் எதற்குக் கொடுக்கப் போகிறார்? சிலர் ஊட்டி, கொடைக்கானல் போக்குவரத்துக்காக மாட்டினார்கள். இறக்குமதியான சில கார்களில் கூடவே வந்தது. அப்படி வந்தவை பல, ஒரு நாள்கூடத் திருப்பப்படாமல் இருந்துவிட்டன.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஹீட்டரின் ‘கன்ட்ரோல்’ என்பது என்ன? டாஷ்போர்டில் ஒரு குமிழ் அல்லது நெம்புகோல். அதன் பின்னால் ஒரு கேபிள். நம் சைக்கிள் பிரேக்கில் இருக்கிறதே, அதே சாதி: வெளியே சுருள் உறை, உள்ளே ஓடும் கம்பி. 1896-ல் பௌடன் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கியது. ஒரு கேபிள் போய் வெந்நீர் வரும் வழியிலுள்ள வால்வைத் திறந்து மூடும். இன்னொரு கேபிள், காற்று காலுக்குப் போகவேண்டுமா, முன்கண்ணாடிக்குப் போகவேண்டுமா என்று தீர்மானிக்கும் தகடைத் திருப்பும். இன்னும் பழைய சில கார்களில் கேபிளும் இல்லை. குளிர்காலம் வந்தால் பேனட்டைத் திறந்து இன்ஜின் தலையிலுள்ள குழாயைக் கையால் திறந்துவிடவேண்டும். கோடை வந்தால் மூடவேண்டும். வீட்டுத் தண்ணீர்க் குழாய் மாதிரி!

திருப்பாத குழாய் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இறுகிப்போகும். கடலூரில் உப்புக் காற்று. போர் தண்ணீரிலும் உப்பு. ரேடியேட்டருக்குக் கூலன்ட் ஊற்றும் வழக்கம் அன்று ஏது? வழியில் எந்தத் தண்ணீர் கிடைத்ததோ அதுதான். அந்தத் தண்ணீர் வால்வுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பாறை கட்டியது. கேபிள் உறைக்குள் துரு பிடித்தது. பழுதுக்குக் காரணம் அதிகமாகப் பயன்படுத்தியது அல்ல, தொடாமலே விட்டது.

‘இறுகினால் இறுகட்டும், நமக்கென்ன?’ என்கிறீர்களா? எங்கே இறுகியது என்பதுதான் கேள்வி. மூடிய நிலையில் இறுகினால் தப்பித்தோம். பாதி திறந்த நிலையில் இறுகினால், சித்திரை வெயிலில், நீங்கள் கேட்காமலே, முழங்காலுக்கு எதிரே ஒரு வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். பின்னால் ஏ.சி. மாட்டிய கார் என்றால் ஏ.சி. ஒரு பக்கம் குளிர்விக்க, ஹீட்டர் மறு பக்கம் சூடாக்க, பெட்ரோல் இரண்டுக்கும் தெண்டம் அழும்.

அதைவிட மோசம் ஒழுக்கு. ஹீட்டரின் குட்டி ரேடியேட்டர் அரித்துப் பொத்தல் விழுந்தால் கால் மேல் கொதிநீர். முன்கண்ணாடி முழுக்க ஆவி. தண்ணீர் குறையக் குறைய இன்ஜின் சூடேறி, ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய்... ஹீட்டரில் ஆரம்பித்தது இன்ஜினில் வந்து முடியும்.

இதற்கு நம் ஊர் ஒர்க் ஷாப்புகள் கண்டுபிடித்த வைத்தியம் இரண்டே நிமிட வேலை. ‘இது எதுக்கு சார் நமக்கு? கட் பண்ணிடலாம்!’ ஹீட்டருக்குப் போகும் ஹோஸ், வரும் ஹோஸ் இரண்டையும் வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து கிளிப் போட்டுவிடுவார்கள். தண்ணீர் ஹீட்டரை எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடும். குற்றம் சொல்ல முடியாது. வாடிக்கையாளருக்கு வண்டி மறுநாள் ஓடவேண்டும். டாஷ்போர்டைக் கழற்றும் கூலி கொடுக்க அவர் தயாராகவும் இல்லை.

அந்த வண்டிகளுக்கு இன்று ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. வயதான கார்களுக்கு மரியாதை வந்திருக்கிறது. 2021-ல் மத்திய அரசு, ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட, சேசிஸும் பாடியும் இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்ய விதி கொண்டுவந்தது. பழைய கார் அணிவகுப்புகளிலும் ‘எல்லாம் ஒரிஜினலா?’ என்பதுதான் முதல் கேள்வி. தாத்தா வாங்கிய காரைப் பேரன் தூசு தட்டி எடுக்கும்போது, டாஷ்போர்டில் ஆடாமல் நிற்கும் அந்தக் குமிழ் அவன் கண்ணில் படுகிறது. நாம் முதலில் பார்த்த மனிதர் அந்த ஜாதிதான்.

இனி அவரோடு சேர்ந்து நாமும் டாஷ்போர்டைக் கழற்றிப் பார்ப்போம், வாருங்கள்.

முதல் காரியம், பேட்டரி இணைப்பை எடுப்பது. இதை மறந்தால் மற்றது எதுவும் தேவைப்படாது, வண்டி எரிந்துவிடும். பழைய வயரின் மேல் நூல் பின்னிய உறையும் ரப்பரும் காய்ந்த முருங்கைப் பட்டை மாதிரி பொலபொலவென்று உதிரும். தவிர, அந்தக் கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். கவனிக்காமல் மாற்றிப் போட்டால் வம்பு.

இரண்டாவது, இன்ஜின் ஆறிய பிறகு தண்ணீரை வடிப்பது. மூன்றாவது, ஒரு திருகாணியைத் தொடுவதற்கு முன் போட்டோ எடுப்பது. முன்பெல்லாம் மெக்கானிக்குகள் வயரில் கலர் நூல் கட்டினார்கள். இன்று கைபேசி இருக்கிறது. ஆனாலும் லூகாஸ் வயரிங்குக்கு ஒரு பாஷை உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை சுலபம். கறுப்பு என்றால் எர்த். பழுப்பு, பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி போட்டதும் உயிர் பெறுவது. பச்சை, அதுவே ஃபியூஸ் வழியாக வருவது. சிவப்பு, பின் விளக்கு வகையறா. நீலம், ஹெட்லைட். ஹீட்டர் ஃபேன் பெரும்பாலும் பச்சைக் குடும்பத்துப் பிள்ளை.

பிறகு திருகாணிகள். கண்ணுக்குத் தெரிவது நாலு என்றால் தெரியாதது எட்டு. ஒன்று சாம்பல் கிண்ணத்துக்குப் பின்னால், ஒன்று சாமான் அறைக்குள், இரண்டு முன்கண்ணாடிக்கு அடியில். எல்லாம் வெவ்வேறு நீளம். வீட்டில் ஓய்வுபெற்ற இட்லித் தட்டு இருந்தால் கொண்டு வாருங்கள். ஒரு குழிக்கு ஒரு இடத்துத் திருகாணி. இதைவிட நல்ல கருவி எந்த நாட்டிலும் இல்லை! ஸ்பீடாமீட்டர் கேபிளைப் பின்னால் கைவிட்டுத் தடவிக் கழற்றவேண்டும். சோக் கேபிளை விடுவிக்கவேண்டும். சில கார்களில் ஸ்டியரிங் தண்டைக் கொஞ்சம் கீழே இறக்கவேண்டும். கடைசியில், வரமாட்டேன் என்று பலகை அடம்பிடித்தால் இழுக்காதீர்கள். எங்கோ ஒரு திருகாணி மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

பலகை வந்துவிட்டது. பின்னால் ஹீட்டர் பெட்டி. இவ்வளவு சின்ன சாமானுக்கா இவ்வளவு பாடு? ஆமாம். தொழிற்சாலையில் ஹீட்டரை முதலில் வைத்துவிட்டுத்தான் மற்றதையெல்லாம் அதன் முன்னால் அடுக்குகிறார்கள். அதனால் அதைத் தொட, அடுக்கியதையெல்லாம் தலைகீழ் வரிசையில் பிரிக்கவேண்டியிருக்கிறது. பெட்டிக்குள் காய்ந்த இலை, எலிக்கூடு எல்லாம் கிடைக்கும். 2015 வெள்ளத்தில் நின்ற கடலூர் வண்டி என்றால், சீட்டையும் தரைவிரிப்பையும் மாற்றிய பிறகும் வாடை போகாததற்குக் காரணமான சேறு அங்கேதான் ஒளிந்திருக்கலாம்.

ரிப்பேர் என்னவோ சின்னதுதான். கேபிளின் உள்கம்பியை உருவித் துடைத்து எண்ணெய் விடவேண்டும், அல்லது புதுக் கம்பி கோக்கவேண்டும். தகடின் கீல்களை அசைத்து இளக்கவேண்டும். வால்வைப் பிரித்து உப்பைச் சுரண்டவேண்டும், அல்லது சென்னை புதுப்பேட்டையில் அலைந்து ஒத்துவருவதைத் தேடவேண்டும். குட்டி ரேடியேட்டரைத் தண்ணீர் விட்டு அலசி, ஒழுக்கு பார்த்து, தேவைப்பட்டால் ஈயப் பற்று வைக்கவேண்டும். மாட்டுவதற்கு முன் குமிழைத் திருப்பி, வால்வு முழுவதும் மூடுகிறதா என்று பார்க்கவேண்டும். நம் ஊரில் ஹீட்டர் திறப்பதைவிட மூடுவதுதான் முக்கியம்!

டாஷ்போர்டு ரகசியங்களில் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் வண்டலூர் கோபித்துக்கொள்ளும். ஹெரால்டுக்குப் பிறகு 1985-ல் அதே ஸ்டாண்டர்டு நிறுவனம் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ‘ரோவர்’ காரின் உடம்பு. அதன் டாஷ்போர்டு இடமும் வலமும் ஒரே மாதிரி. மீட்டர்கள் மட்டும் ஒரு தனிப் பெட்டியாக மேலே உட்கார்ந்திருக்கும். ஏன் தெரியுமா? ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள நாட்டுக்கு விற்கவேண்டும் என்றால் பெட்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடலாம். ஸ்டியரிங் தண்டு போகும் துளைக்கு நேரான மறுபக்கத் துளை, காற்று வரும் வழி! ஒரே அச்சில் இரண்டு உலகங்களுக்கும் கார். அவ்வளவு யோசித்துச் செய்த டாஷ்போர்டு இருந்தும் கார் விற்கவில்லை. 1988-ல் ஆலையே நின்றுபோனது.

சரி, இத்தனை சிரமத்துக்குப் பிறகு மஞ்சக்குப்பத்தில் ஹீட்டரால் என்ன பிரயோஜனம்? மூன்று உண்டு.

ஒன்று, ஐப்பசி கார்த்திகை அடைமழை. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு நாலு பேர் உட்கார்ந்தால், மூச்சுக்காற்றின் ஈரம் முன்கண்ணாடியில் படிந்து எதிரே வரும் பஸ் தெரியாது. துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டிய தலைமுறை நம்முடையது. ஹீட்டர் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் சற்று நேரத்தில் தெளிந்துவிடும். குளிருக்காக மட்டுமல்ல, பார்வைக்காகவும்தான் ஹீட்டர். அமெரிக்காவில் 1968-லேயே, கண்ணாடியில் படியும் ஈரத்தையும் பனியையும் நீக்கும் வசதி புதிய கார்களில் கட்டாயம் என்று சட்டமே போட்டார்கள்.

இரண்டு, கேட்டால் நம்பமாட்டீர்கள். கோடையில் இன்ஜின் கொதிக்கிறதா? ஹீட்டரை முழுசாகப் போடுங்கள்! அது இன்னொரு குட்டி ரேடியேட்டர்தானே? இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கை உங்கள் பக்கம் வாங்கிக்கொள்ளும். நீங்கள் வேகுவீர்கள், இன்ஜின் பிழைக்கும். ஓரங்கட்ட ஒரு நிழல் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க இது போதும். அம்பாசிடர்களும் ஃபியட்டுகளும் நெடுஞ்சாலை ஓரமாகப் பேனட்டைத் திறந்துகொண்டு ஆவி விட்ட அந்தக் காலத்தில், நாம் வேண்டாம் என்று வெட்டிப் போட்ட சாமான் அது.

மூன்றாவது, உங்களுக்கே. பழைய கார் இல்லை, ஏ.சி. வைத்த புது கார்தான் என்கிறீர்களா? அதிலும் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஏ.சி.யும் ஹீட்டரும் ஒரே பெட்டிக்குள் ஒண்டுக் குடித்தனம் செய்கின்றன. பல கார்களில் ஹீட்டருக்கு வெந்நீர் ஓடிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த காற்றையும் சூடான காற்றையும் பிரிப்பது ஒரு சின்னத் தகடு மட்டுமே. அது சூட்டுப் பக்கம் மாட்டிக்கொண்டால், ‘கேஸ் போயிடுச்சு போல’ என்று நீங்கள் ஏ.சி.க்குத் தெண்டம் அழுவீர்கள். தகடு சிரித்துக்கொண்டிருக்கும்.

இன்று சாயங்காலம் காரில் ஏறினால், நீலக் கோட்டிலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கும் அந்தக் குமிழைச் சிவப்பு வரை ஒரு சுற்று திருப்பி, திரும்ப நீலத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். மாதம் ஒரு முறை போதும். ஒரு நிமிடம் வேர்க்கும். பரவாயில்லை, டாஷ்போர்டைக் கழற்றினால் ஒரு நாள் முழுக்க வேர்க்கும்!